மேல்வீட்டுத் தேநீர்

இதை எழுதுவதற்கு முன் என் தங்கையிடம் கேட்டேன். அவளைப் பற்றி அம்மா சொன்ன ஒரு வார்த்தை இதில் வருகிறது. அவள் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில் சொன்னது. நடந்ததை முழுவதும் தொலைபேசியில் அவளுக்குச் சொன்னேன். "எழுதுங்கோ அண்ணா. எனக்கு அப்ப நாப்பியைத் தவிர வேற ஒரு கவலையும் இருந்திருக்காது" என்றாள். அவள் எதையும் இலேசாக எடுத்துக்கொள்வாள். எனக்கு அது கைவராது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு காரியத்தை ஒளித்து வைத்திருந்து, தலை முழுக்க நரைத்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மேல்பகுதியில் வேறு ஆட்கள். முன்கதவு இரண்டு வீட்டாருக்கும் பொது. உள்ளே வந்தால் ஒடுங்கிய நடை, அதன் முடிவில் எங்கள் கதவு, பக்கத்தில் மேலே ஏறும் மரப்படிகள். யார் ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் அறைக்குள் கேட்கும். அப்பா கணக்கியல் படிக்க வந்தவர். பரீட்சைகள் முடியாமல் நீண்டுகொண்டே போனதால் பெற்றோல் நிலையம் ஒன்றில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடியும் ஷிப்டில் வேலை செய்தார். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது.

ஆங்கிலம் எனக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை. அதனால் டொக்டரிடமும் கவுன்சில் அலுவலகத்திலும் பால்காரனிடமும் அம்மாவின் வாய் நான்தான். டொக்டர் என்னைப் பார்த்துப் பேசுவார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்பார். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நான் சொல்வதுதான் செல்லும் என்று இருந்தது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடுவதில் பெற்ற பெருமையை நான் இதில் பெற்றேன். இதைக் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் செய்ததற்கு இந்தப் பெருமையும் ஒரு காரணம்.

அந்த நவம்பரில் தங்கை பிறந்தாள்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போகிறவர்களும் விரதம் பிடிக்கிறவர்களும் அந்த நாட்களில் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஊரில் இது பெரிய சிரமமில்லை. துடக்கைப் பற்றிக் கவலைப்படாத நாலு பெண்கள் எப்படியும் கூட இருப்பார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள், தாய்க்குப் பத்தியச் சரக்குக் காய்ச்சிக் கொடுப்பார்கள். லண்டனில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பெரியம்மா, அம்மாவின் தமக்கை, நோர்பரியில். அவர் கந்தசஷ்டி விரதம் முடித்த கையோடு ஏதோ நேர்த்தி வைத்து, வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் விளக்கு வைத்துப் பூசை செய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்தார். "முப்பத்தொண்டு கழியட்டும், வந்து எல்லாம் செய்யிறன்" என்றார். வீட்டில் அரைத்த சரக்குத்தூளை ஒரு போத்தலில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

மிளகு, மல்லி, இஞ்சி, உள்ளி எல்லாம் சேர்ந்த அந்தத் தூளை அப்பா ஒருநாள் காய்ச்சினார். அடிப்பிடித்துவிட்டது. அம்மா இரண்டு கரண்டி எடுத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அதன்பிறகு போத்தல் குசினித் தட்டிலேயே இருந்தது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தேநீர் போடுவதும் முட்டை பொரிப்பதும்தான் தெரியும், இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்.

அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தால் கட்டிலில் இருந்து, அறையில் குளிர்காயும் காஸ் அடுப்பைப் பார்த்தபடி இருப்பார். தங்கை அழுவாள். கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு எடுத்துப் பால் கொடுப்பார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. களைப்பு என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, "நீதான் இப்ப வீட்டுக்குப் பொறுப்பு, கவனமா இரு" என்பார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, மேல்வீட்டு மனிசி எங்கள் அறைத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்.

நடையில் கண்டிருக்கிறேன். நாற்பது வயதிருக்கும். பூப்போட்ட சால்வையால் தலையைச் சுற்றிப் பின்னால் முடிந்திருப்பார். கீழுதட்டிலிருந்து நாடி வரைக்கும் பச்சை குத்திய ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கணவர் ஏதோ ஹோட்டல் குசினியில் வேலை. மொரோக்கோ நாட்டவர்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அரபுக்காரர் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவருக்கு முன்னால் ஒரு தட்டம். அதில் வளைந்த மூக்குள்ள ஒரு வெள்ளித் தேநீர்க் கூசா, பிடியில்லாத சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், ஒரு முடிச்சுத் துணி. பிள்ளை விடாமல் அழுவது மேலே கேட்டிருக்கிறது, இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அம்மா கதவைத் திறந்ததே அதிசயம். யாரும் வரக்கூடாது, நாங்களும் யாரிடமும் போகக்கூடாது என்றுதான் எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். துடக்கு என்றால் என்னவென்று அறியாத ஒருவர்தான் அந்தக் கதவைத் தட்ட முடிந்தது.

அவர் தேநீர் ஊற்றிய விதத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன். கூசாவைத் தோள்மட்டத்துக்கு உயர்த்தி, அங்கிருந்து கயிறு போல ஒரு கோப்பைக்குள் இறக்கினார். சாயம் கறுப்பு. மேலே நுரை நின்றது. அந்தக் கோப்பையை அம்மாவிடம் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து திரும்பக் கூசாவுக்குள்ளேயே ஊற்றினார். மறுபடி உயர்த்தி ஊற்றினார், மறுபடி திருப்பி ஊற்றினார். மூன்றாம் முறையும் அப்படியே. உதடு மெல்ல அசைந்தது, ஏதோ சொன்னார். அதன்பிறகுதான் அம்மாவுக்கு ஊற்றினார்.

"என்ன போட்டிருக்கிறா எண்டு கேள் தம்பி" என்றார் அம்மா.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மனிசிக்கு என்னுடைய ஆங்கிலத்தில் கால்வாசிதான் விளங்கியது. முடிச்சுத் துணியை அவிழ்த்துக் காட்டினார். அதற்குள் சாம்பல் நிறத்தில் காய்ந்த சின்னச் சின்ன இலைகள். "குட். வாம். பேபி, மாமா, குட்" என்றார். மாமா என்றது அம்மாவை. நீங்கள் அரபோ என்று கேட்டேன். தலையைப் பலமாக ஆட்டினார். "அரப், நோ. மவுண்டன்" என்று ஒரு கையைச் சாய்த்து மலை ஏறுவது போலக் காட்டினார். சிரித்தார். அம்மாவும் சிரித்தார். தங்கை பிறந்த பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சிரிக்க வைத்தது நானில்லை.

"குளிருக்கு நல்லதாம்" என்று மொழிபெயர்த்துவிட்டு நான் உள்ளே போய்ப் பையை எறிந்தேன்.

அவர்கள் அமாசிக் மக்கள், மொரோக்கோவின் உயரமான மலைகளில் வாழ்கிறவர்கள், அரபு மொழிக்கு முன்பிருந்தே வேறு மொழி பேசுகிறவர்கள் என்றெல்லாம் பிறகு பிறகுதான் படித்து அறிந்தேன். பனி விழும் அந்த மலைக் கிராமங்களில் தேநீருக்குள் மலையில் பறித்த இலைகளைப் போடுவார்கள். லண்டன் கடைகளில் அவர்கள் பாவிக்கும் பச்சைத் தேயிலை அப்போது இலேசில் கிடைக்காது என்பதால் மனிசி எங்களைப் போலவே கறுப்புத் தேயிலையைப் போட்டு, உடம்பில் சூடேற இஞ்சியும் கறுவாவும் கராம்பும் மிளகும் தட்டிப் போட்டிருக்கிறார். முதல் கோப்பையைத் திருப்பிக் கூசாவுக்குள் ஊற்றுவது சீனி கலக்கவும் சாயம் ஒன்றாகவும். அவர் வாய்க்குள் சொன்னது, முஸ்லிம்கள் சாப்பிடத் தொடங்கும்போது இறைவன் பெயரைச் சொல்வார்களே, அது. பெரியம்மா போத்தலில் போட்டு அனுப்பிய தூளில் சேர்ந்திருந்தவற்றில் பாதி அந்தக் கூசாவுக்குள்ளும் இருந்தது. மணம் எனக்குத் தெரிந்த மணம்தான். ஆனால் என் மூக்கு அந்தச் சாம்பல் இலையை மட்டும் பிடித்துக்கொண்டது.

மனிசி தினமும் நாலு மணிக்கு வரத் தொடங்கினார். மூன்று கோப்பை முடியும்வரை எழும்ப மாட்டார். அம்மா ஒன்றோடு நிறுத்தப் பார்த்தால் கையைப் பிடித்து இருத்தி இரண்டாவதை ஊற்றுவார். ஊரில் அடுத்த வீட்டில்கூட யோசித்துத் தண்ணி வாங்கிக் குடிக்கிற அம்மா மூன்று கோப்பை குடித்தார். நாலு மணி ஆகும்போது படிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார். இதெல்லாம் எனக்குச் சரியாகப் படவில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் ஏன் ஒன்றும் வாங்காமல் ஒவ்வொரு நாளும் வருகிறார்? ஊற்றியதை ஏன் திருப்பி ஊற்றுகிறார்? ஏன் மூன்று? அம்மாவின் முகத்தில் நிறம் வந்திருந்தது. அதையும் சந்தேகித்தேன்.

எங்கள் ஊரில் 'மருந்து போடுதல்' என்று ஒன்று சொல்வார்கள். ஒருவன் தாய் தகப்பனை மறந்து எவளோ ஒருத்தியின் பின்னால் போனால், அவள் சாப்பாட்டில் மருந்து போட்டுக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். பெரியவர்கள் பேசும்போது காதில் விழுந்திருக்கிறது. மருந்து சாம்பல் நிறமாக இருக்கும் என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் வேறு என்ன நிறமாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் மனிசி பிள்ளையின் நாப்பி மாற்ற உதவிக்கொண்டிருந்தபோது கூசாவின் அடியில் மிஞ்சியிருந்ததைக் குசினிக்குக் கொண்டுபோய்க் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. முதலில் இனிப்பு, பிறகு மிளகின் காரம், கடைசியில் தொண்டையில் ஒரு கசப்பு நின்றது. கட்டிலில் போய் உட்கார்ந்து, எனக்கு என்ன ஆகப்போகிறது என்று காத்திருந்தேன். அரை மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு மட்டும் இதமாகச் சூடாக இருந்தது. மருந்து சின்னப் பிள்ளைகளில் வேலை செய்யாது போல என்று முடிவு செய்தேன். ஆராய்ச்சியின் முடிவு எப்படி வந்தாலும் சந்தேகம் பெருகத்தான் செய்தது.

அவர்கள் பேசிக்கொள்வது இன்னும் விசித்திரம். இரண்டாம் நாளிலிருந்தே என்னைக் கூப்பிடுவதை அம்மா விட்டுவிட்டார். மனிசி தொண்டைக்குள்ளிருந்து வரும் தன் பாஷையில் நீளமாக ஏதோ சொல்வார். அம்மா, "ஓம், ஓம், அப்பிடித்தான்" என்பார். பிறகு அம்மா தமிழில் சொல்வார். மனிசி தலையாட்டுவார். இருவருக்கும் ஒரு சொல்கூட விளங்காது. ஆனாலும் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்துவிட்டுத்தான் பேசுவார். அம்மா அவரை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார். சொந்த அக்கா நோர்பரியில் இருக்கும்போது இது என்ன கூத்து என்று எனக்கு எரிந்தது.

பத்தொன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். நான் நடைக் கதவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. அழவில்லை. கடையில் சாமான் விலை கேட்கும் குரலில் சொன்னார்.

"எனக்கு இந்தப் பிள்ளையைத் தூக்க விருப்பமில்லை அக்கா. பாக்கவே விருப்பமில்லை. இது இல்லாட்டில் நல்லம் எண்டு கிடக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். மனிசி தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். இரண்டாவது கோப்பையை ஊற்றி அம்மாவின் கையில் கொடுத்து, அம்மா குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்து, அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி வைத்து, அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். அம்மா பால் கொடுத்தார். சுவரைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார்.

இவ்வளவையும் என் கண்ணால் கண்டேன். ஆனால் என் காதில் அந்த வார்த்தை மட்டும்தான் நின்றது. இது இல்லாட்டில் நல்லம். என் அம்மா இப்படிப் பேசுகிறவர் இல்லை. அந்தத் தேநீர் பேச வைக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் குடித்தால் தங்கையை என்ன செய்வாரோ.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆரடா அவள்? எந்த இடத்து ஆள்?"

"மேல்வீட்டு அன்ரி. மொரோக்கோவாம். மலையாம்."

"மலையோ? மலையில இருந்த ஆக்கள் பிளேஸ்டோவில வந்து என்ன செய்யினம்?"

"தெரியாது பெரியம்மா. தேத்தண்ணிக்குள்ள ஒரு இலை போடுறா. சாம்பல் நிறம். ஊத்திப்போட்டுத் திருப்பியும் அதுக்குள்ளயே ஊத்துறா. மூண்டு தரம். வாய்க்குள்ள ஏதோ சொல்லுறா."

பெரியம்மா மூச்சுவிடுவது கேட்டது. "கொம்மா அதைக் குடிக்கிறாளோ?"

"ஒரு நாளைக்கு மூண்டு கிளாஸ். இப்ப தங்கச்சி வேண்டாமாம் எண்டு சொல்லுறா."

பெட்டிக்குள் இன்னொரு காசைப் போட்டேன்.

"கொப்பாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை, அப்பாட்டைச் சொல்லேல்லை."

"சொல்லாதை. அந்தாள் சிரிச்சுப்போட்டு விட்டிடும். இது மருந்துதான், வேற ஒண்டுமில்லை. இனி அவளைக் கதவுக்கு உள்ளுக்க விடாதை. நீ ஆம்பிளைப் பிள்ளையெல்லோ."

"நீங்கள் இப்ப வாங்கோவன் பெரியம்மா."

"விசரே உனக்கு? துடக்கு வீட்டுக்கு எப்பிடியடா வாறது? இன்னும் பதினொரு நாள்தானே. பொறுத்துக்கொள்."

பெரியம்மாவை நான் இன்று பழி சொல்லவில்லை. அவர் சொன்னது கதவைப் பற்றி மட்டும்தான். எப்படி என்று யோசித்தது நான்.

அன்றைக்கு நாலு மணிக்குப் படியில் சத்தம் கேட்டதும் நான் நடைக்குப் போய் எங்கள் கதவை எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டேன். மனிசி தட்டத்தோடு கடைசிப் படியில் நின்றார். கூசாவின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. நான் அவருக்கு விளங்கக்கூடிய மாதிரி ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்தேன். அம்மா உங்களை இனி வரவேண்டாம் என்று சொன்னா. எங்கள் சமயத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வரக்கூடாது. உங்கள் தேநீர் எங்களுக்குக் கூடாது.

"மாமா சே?" என்றார். அம்மாதான் சொன்னாவோ என்று கேட்டார்.

"யெஸ். மாமா சே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மற்றப் பெரியவர்களைப் போலவே என் முகத்தைப் பார்த்தார், நான் சொல்வதுதான் செல்லும் என்பது போல. ஒரு கையால் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. திரும்பி மேலே போனார். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

உள்ளே அம்மா தலையை வாரிக்கொண்டு இருந்தார். "ஆர் தம்பி? அக்காவோ?"

"ஓம். அவ இனி வரமாட்டாவாம்."

"ஏனாம்?"

ஒரு காரணம் தயாராக வைத்திருக்கவில்லை. "ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அம்மா சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார். மேலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது எங்கள் கதவடியில், துவாய் சுற்றிய கூசா இருந்தது. தான் வரக்கூடாதென்றாலும் தேநீர் வரலாம் என்று மனிசி நினைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னதில் பாதியைத்தான் நம்பியிருக்க வேண்டும். அம்மா காணுமுன் அதைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினேன். குளிர் நிலத்தில் ஆவி எழும்பியது. கூசாவைக் கழுவிப் படியில் வைத்தேன். இப்படி மூன்று நாள். கழுவிய கூசாவைக் கண்டு, அம்மா குடிக்கிறா, ஆனால் என் முகம்தான் வேண்டாமாம் என்று அவர் எண்ணியிருப்பார். நாலாம் நாள் கூசா வரவில்லை. என் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பெரியம்மா வந்தார். வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்து, தங்கைக்கு முடி இறக்கி, கறுத்தப் பொட்டு வைத்து, எல்லோருக்கும் சமைத்தார். மோர்டனிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. அம்மா புதுச்சேலையில் நாற்காலியில் இருத்திய இடத்தில் இருந்தார். பிள்ளையை மடியில் வைத்தால் மடியில் கிடந்தது. எடுத்தால் எடுக்கவிட்டார். பிள்ளை பெற்றும் ஒரு அலுப்பு இல்லை, என்ன அமைதி பாருங்கோ என்று ஒரு மாமி சொன்னார். பெரியம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "கெட்டிக்காரன்" என்று கன்னத்தைத் தட்டி ஒரு துண்டு கேசரி தந்தார். சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

தை மாதம் முடியுமுன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு பின்னேரம் தங்கையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, செருப்பில்லாமல் தெருவுக்குப் போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருக்கிறார். யாரோ பொலிசுக்கு அறிவிக்க, அவர்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன வார்ட் என்று எனக்கு அப்போது எவரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். ஏழு வாரம் காய்ச்சல்.

அம்புலன்ஸ் வந்த அன்று மேல்வீட்டு மனிசி படியின் நடுவில் நின்றார். அம்மாவை இருவர் பிடித்து நடை வழியாகக் கூட்டிப் போனார்கள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மனிசி இரண்டு படி இறங்கினார். பிறகு நின்றுவிட்டார், வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர் அல்லவா. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "மாமா?" என்றார்.

"ஓகே" என்றேன். "மாமா ஓகே."

நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அப்பா என்னையும் தங்கையையும் நோர்பரிக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை பார்த்தார். அம்மா அங்கேதான் வந்தார். மெல்ல மெல்லச் சரியானார். சமைத்தார், கடைக்குப் போனார், தங்கையின் பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மாரோடு நின்றார். ஆனால் தங்கை காலில் வந்து கட்டிப்பிடித்தால் ஒரு கணம் கை சும்மா தொங்கும், பிறகுதான் அணைக்கும். அந்த ஒரு கணத்தை நானும் தங்கையும் மட்டும் கவனித்தோம். தங்கை அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது, அம்மாவைக் கண் டொக்டரிடம் காரில் கூட்டிப் போனேன். அப்போது நாங்கள் மோர்டனில். மழை. தங்கை அன்றைக்கு ஏதோ பரீட்சையில் நல்லாய்ச் செய்திருந்தாள், அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சிக்னல் சிவப்பில் நான் காத்திருந்தபோது அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"பிளேஸ்டோவில மேல்வீட்டில ஒரு மனிசி இருந்தவ. உனக்கு ஞாபகமிருக்கோ?"

"ஓம்" என்றேன்.

"நல்ல மனிசி. நான் அவவோட எல்லாம் கதைப்பன். விளங்காது எண்டு நினைச்சுத்தான் கதைச்சனான். ஒருநாள் ஒரு கூடாத கதை சொல்லிப்போட்டன். பெத்த தாய் சொல்லுற கதையில்லை அது. அவவுக்கு விளங்கியிருக்கு. பாஷை தெரியாட்டிலும் அது விளங்கும்தானே. அடுத்த நாளோட வராமல் விட்டிட்டா. பிறகு ஆர்தான் வருவினம், அப்பிடி ஒரு தாயட்டை."

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்தான். "கண்ணுக்கு மருந்து விட்டால் நாலு மணித்தியாலம் வாசிக்க ஏலாதாம்" என்று நான் ஏதோ சொன்னேன். அம்மா "ஓம்" என்றார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அம்மா இருந்தார். அந்த மனிசியைப் பற்றி ஒருநாளும் மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்போது அம்மா இல்லை. அந்த மனிசி எங்கே என்று தெரியாது. அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

ஒருவரை வரவேண்டாம் என்று சொன்னால் அவர் வராமல் இருப்பார், காரியம் அதோடு முடியும் என்றுதான் பன்னிரண்டு வயதில் நினைத்தேன். அவர் ஏன் வரவில்லை என்று உள்ளே இருக்கிறவர் தேடிக்கொண்டே இருப்பார், கடைசியில் தன்னிடம் இருக்கும் மிக மோசமான ஒன்றை எடுத்து அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இருபத்தாறு வயதில், அந்தக் காருக்குள், எனக்குத் தெரிந்திருந்தது.